தொண்டையில் சிக்கிய பனங்கொட்டை

1989, ஆவணி மாதம். எங்கள் செவலைப் பசு இரண்டு நாளாகத் தொட்டியில் வாய் வைக்கவில்லை. வாயிலிருந்து எச்சில் நூல் நூலாக இறங்கி, தொழுவின் மண்ணில் ஈரவட்டம் போட்டிருந்தது. விடாமல் கத்திக்கொண்டிருந்தது. அது பசுவின் குரலாகவே இல்லை. தகரத்தைப் பாறையில் இழுப்பதுபோல் கம்மிய சத்தம். புண்ணாக்குத் தண்ணீரை முகர்ந்து பார்க்கும், நாக்கை நீட்டும். உள்ளே போனது மூக்கு வழியாகத் திரும்பி வரும்.

ஐயா ஒரே பார்வையில் முடிவு கட்டிவிட்டார். அப்பாவின் அப்பாவை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். "தொண்டையில் பனங்கொட்டை சிக்கியிருக்கிறது" என்றார். அந்த முடிவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பனம்பழம் விழும் காலம் அது. செக்கானூரணிக்கு மேற்கே எங்கள் ஊரில் வரப்புக்கு வரப்பு பனை நின்றது. மேய்ச்சலில் மாடு பழத்தைக் கடித்து, கொட்டை தொண்டையில் அடைத்துக்கொள்வது ஆண்டுக்கு ஒரு வீட்டிலாவது நடக்கும். கையை விட்டு எடுத்துவிட்டால் மாடு எழுந்து புல் மேயப் போய்விடும்.

அப்பா கொம்பைப் பிடித்துக்கொண்டார். சித்தப்பா நாக்கை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்தார். பக்கத்து வீட்டு மாமா டார்ச் விளக்கை வாய்க்குள் அடிக்க, ஐயா முழங்கை வரை கையை விட்டுத் துழாவினார். எதுவும் அகப்படவில்லை. வெளியே எடுக்கும்போது கடைவாய்ப் பல் உரசி அவருடைய புறங்கையில் தோல் வழண்டது. வேட்டி முந்தியில் துடைத்துக்கொண்டு, "கொட்டை ஆழத்துக்குப் போய்விட்டது" என்றார்.

மறுநாள் காலை கால்நடை மருத்துவர் மொபெட்டில் வந்தார். தொழுவுக்குள் நுழையவில்லை. வாசல் கல்லிலேயே நின்றபடி பத்து நிமிடம் பார்த்தார். மாடு பின்னங்காலை ஊன்ற முடியாமல் தள்ளாடியது. அவர் முதலில் கேட்டது மாட்டைப் பற்றியல்ல.

"வாய்க்குள் யார் யார் கை விட்டீர்கள்?"

எனக்கு அப்போது பத்து வயது. அந்தக் கேள்விக்குப் பிறகு எங்கள் வாசலில் விழுந்த அமைதி இன்னும் காதில் இருக்கிறது. அடுத்ததாக, மாட்டை நாய் எதுவும் கடித்ததா என்று கேட்டார். அப்போதுதான் அப்பத்தாவுக்கு நினைவு வந்தது. ஆனி மாதத்தில் கரட்டு ஓரம் மேய்ந்துகொண்டிருந்தபோது ஒரு நாய் மூக்கில் பிடுங்கிவிட்டு ஓடியிருக்கிறது. மஞ்சளை அரைத்துப் பூசினோம், ஆறிவிட்டது. அதை யாரும் மறுபடி நினைத்துப் பார்க்கவில்லை. மாட்டுக்கு வந்திருந்தது நாய்க்கடி நோய், ரேபீஸ்.

நான்காம் நாள் மாடு செத்தது. ஆள் உயரத்துக்குக் குழி வெட்டி, சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தார்கள்.

அதற்கு முன்பே வேறொரு பீதி ஊரைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பசுவின் பால் ஏழு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. காய்ச்சிய பாலைக் குடித்தவர்களுக்கு எந்தப் பயமும் இல்லை என்று மருத்துவர் தெளிவாகச் சொன்னார். சூட்டில் இந்தக் கிருமி நிற்காது. அது இருப்பது எச்சிலில். ஆனால் பாலுக்குப் பயந்து பஸ் ஏறிய கூட்டம்தான் பெரிது. எச்சிலில் கை நனைத்த நால்வரும், அதிலும் தோல் வழண்டிருந்த ஐயாவும், "பார்க்கலாம்" என்று திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். மருத்துவர் அவர்களை மிரட்டித்தான் பஸ் ஏற்றினார். அச்சம் எப்போதும் சரியான வீட்டுக் கதவைத்தான் தட்டும் என்று சொல்வதற்கில்லை.

தினமும் எர்ஸ்கின் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார்கள். அதற்கு அரசு ராஜாஜி மருத்துவமனை என்று பெயர் மாறியும் ஐயாவின் வாயில் கடைசி வரை எர்ஸ்கின்தான். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. அந்த வார்த்தையைக் கேட்டே நாய்க்கடியை வெளியில் சொல்லாமல் மறைத்தவர்கள் என் தலைமுறையில் ஏராளம். நோயைவிட மருந்துக்கு அஞ்சினோம்.

அந்த மருந்து ஆட்டு மூளையிலிருந்து எடுத்தது. கசௌலியில் டேவிட் செம்பிள் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1911 வாக்கில் வகுத்த முறை. நோய்க்கிருமியை ஆட்டின் மூளையில் வளர்த்து, கொன்று, அதைக் கரைசலாக்கி ஏற்றினார்கள். மூளைத் திசு கலந்திருந்ததால் அபூர்வமாகச் சிலருக்குப் பக்கவாதம் வரை கொண்டுவிட்டதும் உண்டு. இந்தியாவில் 2004-ஆம் ஆண்டு இறுதியில்தான் அந்த முறை முற்றிலும் நிறுத்தப்பட்டது. தென்னாட்டுக்காரர்களுக்கு நாய்க்கடி மருந்து என்றால் குன்னூர். 1902-இல் நீலகிரியில் ஓர் ஆங்கிலப் பெண் வெறிநாய் கடித்து இறந்துபோனார். அந்தச் சாவின் தொடர்ச்சியாகத்தான் 1907-இல் அங்கே பாஸ்டர் நிறுவனம் வந்தது. அதற்கு முன்பு இந்தியாவில் கடிபட்டவர்களுக்கு கசௌலிதான் கதி. இங்கிருந்து இமயமலை அடிவாரம் வரை ரயிலில் போய்ச் சேர வேண்டும். அதுவரை கிருமி காத்திருக்க வேண்டும்.

பதினான்கு நாள் போய் வந்ததில் ஐயா ஒரு காட்சியைப் பார்த்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு பத்தியம், வேர்க்கட்டு என்று யார் பேசினாலும் எழுந்து போய்விடுவார். ஏதோ ஓர் ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த ஆள், முப்பது வயது இருக்கும். மின்விசிறியை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தானாம். காற்று முகத்தில் படும்போதெல்லாம் தொண்டை இழுத்துக்கொண்டது. டம்ளரில் தண்ணீர் காட்டினால் உடம்பே வில்லாக வளைந்தது. தாகம் வேறு. குடிக்க ஆசை; டம்ளரைப் பார்க்கவே முடியவில்லை. இரண்டு இழுப்புக்கு நடுவில் அவன் தெளிவாகப் பேசினான் என்பார் ஐயா. "உழவு பாதியில் நிற்கிறது, ஏர்க்காரனுக்குக் கூலி கொடுத்துவிடுங்கள் என்று தம்பியிடம் சொன்னான். பைத்தியம் பிடித்தவன் கூலிக் கணக்கு சொல்வானா?" மறுநாள் அந்தக் கட்டில் காலியாக இருந்தது.

இந்த நோய்க்குத் தமிழில் வெறிநோய் என்று பெயர் வைத்தது யார் என்று அடிக்கடி யோசிப்பதுண்டு. வெறி என்பது நமக்குப் பழைய சொல். முருகன் ஏறி ஆடும் வெறியாட்டு சங்கப் பாட்டிலேயே இருக்கிறது. திருப்பரங்குன்றத்து அடிவாரத்தில் இருப்பவர்களுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. ஆனால் நோய்க்கு அந்தப் பெயர் வந்ததில் ஒரு கெடுதல் நடந்துவிட்டது. வெறிநாய் என்றதும் நம் மனதில் வருவது நாக்கைத் தொங்கப் போட்டு, கண் சிவந்து, எதிர்ப்பட்டதையெல்லாம் கடித்துக்கொண்டு ஓடும் நாய். அப்படி இல்லாத நாய் கடித்தால் "நாய் நன்றாகத்தானே இருந்தது" என்று விட்டுவிடுகிறோம்.

நோய் அப்படி மட்டும் வருவதில்லை. நாய்களில் மந்த வகை ஒன்று உண்டு. மூலையில் போய்ப் படுத்துக்கொள்ளும். தாடை தொங்கிவிடும், வாய் ஒழுகும், குரல் மாறும், விழுங்காது. எலும்பு சிக்கியிருக்கிறது என்று நினைத்து வளர்த்தவர் வாய்க்குள் விரலை விடுவார். எங்கள் செவலையின் கதைதான். மனிதரிலும் ஐந்தில் ஒருவருக்கு இது கை கால் விழுவதாகத்தான் வருகிறது. தண்ணீர்ப் பயம் முன்னால் தெரிவதில்லை. அதைவிட முக்கியமானது, நாய்க்கு எந்த அறிகுறியும் தெரிவதற்குச் சில நாள் முன்பிருந்தே அதன் எச்சிலில் கிருமி வந்துவிடுகிறது. அந்த நாட்களில் அது வாலாட்டும், பிஸ்கட் தின்னும், வாசலில் தூங்கும்.

கிருமி போகும் வழி வினோதமானது. நான் என் மகளுக்கு இதை ஊர்க் கணக்கில்தான் சொல்லிக்கொடுத்தேன். மற்ற நோய்க்கிருமிகள் பலவும் நான்குவழிச் சாலையான ரத்தத்தில் ஏறி ஊரெல்லாம் சுற்றும். அங்கே சோதனைச் சாவடி உண்டு. உடம்பின் காவலர்கள் பார்த்துவிடுவார்கள், சண்டை தொடங்கும். இது அந்தச் சாலைக்கே வராது. கடித்த இடத்தில் தசைக்குள் கொஞ்ச காலம் பதுங்கி, பக்கத்தில் ஓடும் நரம்பின் நுனியைப் பிடித்து உள்ளே ஏறி, வரப்பு வழியாக ஒற்றையாக நடக்கும். நாளுக்குச் சில மில்லிமீட்டர் முதல் சில சென்டிமீட்டர் வரை. நரம்பிலிருந்து தண்டுவடம், அங்கிருந்து மூளை. காலில் கடித்தால் வழி நீளம். முகத்தில் கடித்தால் மூளை அடுத்த தெரு. விரல் நுனியில் நரம்பு நெருக்கமாக இருப்பதால் அங்கேயும் ஏறுவது எளிது. பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் ஆகும். ஒரு வாரத்தில் வந்ததும் உண்டு, ஓராண்டு தாண்டி வந்ததும் உண்டு. நடந்துகொண்டிருக்கும் காலம் முழுவதும் ஆளுக்குக் காய்ச்சல்கூட இருக்காது. புண் ஆறித் தழும்பும் மறைந்துவிடும்.

மூளைக்குப் போய்ப் பெருகிய பிறகு அதே நரம்புகளின் வழியாக வெளியே இறங்கி எச்சில் சுரப்பியில் குடியேறுகிறது. அப்போதே தொண்டைத் தசைகளையும் கெடுக்கிறது. விழுங்க முடியாததால் எச்சில் வாயிலேயே நிற்கும். அந்த எச்சில் நிறையக் கிருமி. கூடவே மூளையைக் கலக்கிக் கடிக்கவும் வைத்துவிட்டால் அடுத்த உடம்புக்குப் போக வண்டி தயார். இவ்வளவு சின்னஞ்சிறு பொருள் இத்தனை கச்சிதமாக வேலை செய்வதைப் படிக்கும்போது எனக்கு வெறுப்பைவிட ஒரு திகைப்புதான் வரும். அறிகுறி தொடங்கிவிட்டால் திரும்பி வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மருத்துவர்கள் அதைச் சாவு என்றே வைத்துப் பேசுகிறார்கள்.

ஆனால் நடந்து வருகிறவனை பஸ்ஸில் போய் முந்திவிடலாம். 1885 ஜூலை 6 அன்று லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஜோசப் மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையனுக்கு ஊசி போடத் துணிந்தது இந்தக் கணக்கை நம்பித்தான். கடித்த பின்பு தடுப்பூசி போட்டுப் பிழைக்க வைக்க முடிகிற நோய்கள் மிகக் குறைவு. இது அதில் ஒன்று. காரணம் அதன் நடைதான்.

இவ்வளவும் தெரிந்த நான்தான் 2025 சித்திரை முதல் நாளில் கிட்டத்தட்டக் கோட்டை விட்டிருப்பேன்.

ஆரப்பாளையத்தில் எங்கள் தெருவில் மாசி மாதம் ஒரு கருப்பு நாய் ஐந்து குட்டி போட்டிருந்தது. மார்கழியில் நாய்கள் கூடியதன் பலன். மூன்று பிழைத்தன. சித்திரையில் அவை பந்துபோல உருண்டு திரிந்தன. ஒன்பது வயது மகளை "தொடாதே" என்று சொல்லிவைத்திருந்தோம். சொன்ன குரல் கொஞ்சம் கடுமை. அதனால்தான் அவள் எங்களிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 14, புத்தாண்டு மதியம். மாங்காய்ப் பச்சடியில் உப்பும் காரமும் தூக்கலாக இருந்தது. முதல் கவளம் பிசைந்ததும் மகள் கையை உதறிவிட்டு "ஸ்" என்றாள். பிறகு இடது கையால் சாப்பிடப் பார்த்தாள். என் மனைவி வலது கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தபோது, ஆள்காட்டி விரல் நுனியில் இரண்டு ஊசிக்குத்து. சுற்றிலும் காய்ந்த ரத்தம் கடுகளவு. காலையில் பிஸ்கட் கொடுத்திருக்கிறாள். குட்டி விளையாட்டாகக் கவ்வியிருக்கிறது.

"குட்டி நாய்க்குப் பல்லே இப்போதுதான் முளைக்கிறது, அதற்கு ஏது விஷம்?" என்றார் மாமியார். எதிர்வீட்டு அக்கா காபித்தூள் டப்பாவோடு வந்துவிட்டார். நானும் ஒரு கணம் அந்த இரண்டு புள்ளிகளைப் பார்த்து, இதற்கா என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அந்தக் கணத்தில்தான், "கொட்டை ஆழத்துக்குப் போய்விட்டது" என்ற ஐயாவின் குரல் கேட்டது.

சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். எழுதும்போது எளிது. அன்று மாநகராட்சிக் குழாயில் தண்ணீர் வரும் முறை இல்லை. குடத்தைத் திண்ணையில் வைத்து, செம்பால் மொண்டு, நூல் பிடித்ததுபோல் நான் ஊற்ற, மனைவி துணி சோப்பைக் குழைத்துத் தேய்த்தாள். இரண்டு நிமிடத்திலேயே எங்களுக்குப் பத்து நிமிடம் போலிருந்தது. மகள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு "ஆறு", "ஏழு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒன்பதாவது நிமிடத்தில் முதல் குடம் காலி. பதினைந்து முடிவதற்குள் விரல் ஊறி வெளுத்துவிட்டது. இந்தக் கிருமிக்கு மேலே கொழுப்பாலான உறை உண்டு. எண்ணெய்ப் பாத்திரத்தில் சோப்பு செய்கிற வேலையை அந்த உறையிலும் செய்யும். உறை கிழிந்தால் கிருமி செத்தது. உலகத்தில் ஆய்வகங்கள் கண்டுபிடித்த எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிற மருந்து பத்து ரூபாய்த் துணி சோப்புதான். காபித்தூள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எல்லாம் புண்ணை அரித்து நரம்பு நுனிகளைத் திறந்து வைக்கத்தான் உதவும். அக்காவிடம் அதை எப்படிச் சொல்வது? டப்பாவை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, சாயங்காலம் அதிலேயே காபி போட்டுக் கொடுத்தோம்.

விடுமுறை நாள் என்பதால் பக்கத்திலிருந்த தனியார் மருத்துவமனை ஒன்றுக்குப் போனோம். பெயர் வேண்டாம். பணியில் இருந்த இளைஞர் விரலைப் பார்த்துவிட்டு டி.டி. ஊசி ஒன்றைப் போட்டு, "சின்னக் கீறல், குட்டியை வேறு பத்து நாள் கவனியுங்கள், ஏதாவது ஆனால் பார்ப்போம்" என்றார். டி.டி. போடுவது ரண ஜன்னிக்கு. நாய்க்கடி நோய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஊசி போட்டாயிற்று என்ற நிம்மதியோடு வீட்டுக்குப் போகிறவர்கள் எத்தனை பேரோ. பத்து நாள் கவனிப்பதும் நல்ல விதிதான். நாயோ பூனையோ கடித்த பிறகு பத்து நாள் உயிரோடு நலமாக இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று பொருள். ஆனால் கவனித்துக்கொண்டே ஊசியைத் தொடங்க வேண்டும். கவனித்துவிட்டுத் தொடங்குவது நடந்து வருகிறவனுக்குப் பத்து நாள் வழி விடுவது. எனக்குக் கோபத்தில் நா குழறியது. மனைவிதான் ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

கோரிப்பாளையத்துப் பெரிய ஆஸ்பத்திரி. முப்பத்தாறு ஆண்டுக்கு முன் ஐயா தினம் வந்த அதே வளாகம். அவசரப் பிரிவில் சீட்டு வாங்கி வரிசையில் நின்றோம். புத்தாண்டு மதியத்திலும் எங்களுக்கு முன்னால் ஒன்பது பேர். பால் ஊற்றப் போன இடத்தில் கெண்டைக்காலில் கடிவாங்கியவர், இரு சக்கர வண்டியைத் துரத்திய நாயிடம் விழுந்து எழுந்த கல்லூரி மாணவர், அழகர்கோவிலில் தேங்காய்ப் பையைக் குரங்கிடம் பறிகொடுத்து விரலையும் கொடுத்த அம்மா, சொந்தப் பூனை பிராண்டிய சிறுமி. அம்மா மட்டும் "குரங்குக் கடிக்கு நாய் ஊசி எதற்கு?" என்று எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். பாலூட்டி எதற்கும் இந்த நோய் வரலாம். நம் நாட்டில் நாய்தான் பெரும்பாலும் கொண்டுவருகிறது, பூனை, குரங்கு, கீரி, நரி, மாடு எல்லாவற்றுக்கும் அதே ஊசிதான் என்று செவிலியர் சலிக்காமல் விளக்கினார். ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்வாரோ.

மருத்துவர் விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தோல் மேல் நக்கினால், தொட்டால் ஒன்றுமில்லை. ரத்தம் வராத பிராண்டல் என்றால் தடுப்பூசி. ரத்தம் கசிந்த எந்தக் கடியும், எவ்வளவு சின்னதானாலும், மூன்றாம் வகை. புண்ணிலோ வாயிலோ கண்ணிலோ எச்சில் பட்டாலும் அதே வகை. மூன்றாம் வகைக்குத் தடுப்பூசியோடு சீரமும் வேண்டும். காரணத்தை நான் வீட்டில் சொன்ன கதையிலேயே சேர்த்துச் சொல்லலாம். தடுப்பூசி என்பது உடம்புக்குக் காவலர்களைத் தயார் செய்யும் பயிற்சி. அவர்கள் சீருடை போட்டுத் தெருவுக்கு வர ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதுவரை வரப்பில் ஏறவிடாமல் கடித்த இடத்திலேயே மறித்து நிற்க, வேறிடத்தில் தயாரான காவலர்களை இரவல் வாங்கி இறக்குகிறார்கள். குதிரைக்குத் தடுப்பூசி போட்டு அதன் ரத்தத்திலிருந்து எடுத்தது அது. எடைக்குத் தக்க கணக்கு: குதிரைச் சீரம் கிலோவுக்கு 40 அலகு, மனித ரத்தத்திலிருந்து எடுத்ததென்றால் 20. மகள் எடை 25 கிலோ; 1,000 அலகு. முதல் தடுப்பூசி போட்டு ஏழு நாள் தாண்டிவிட்டால் சீரம் கொடுப்பதில்லை, அதற்குள் சொந்தக் காவலர்கள் வந்துவிடுவார்கள்.

சீரத்தைக் கையில் எங்கோ குத்திவிட்டால் பயனில்லை. கடித்த இடத்துக்குள்ளேயே, சுற்றிலும் இறக்க வேண்டும். ஆள்காட்டி விரல் நுனியில் எவ்வளவு இடம் இருக்கும்? மெல்லிய ஊசியைப் பல் பட்ட குழியின் ஓரத்தில் நுழைத்து, சொட்டுச் சொட்டாகத் தள்ளினார் மருத்துவர். விரல் திராட்சைபோல வீங்கி வெளுத்தது. மகள் என் சட்டையைப் பல்லால் கடித்துக்கொண்டாள். அந்தக் கிழிசலைத் தைக்காமல் வைத்திருக்கிறேன். விரலுக்குள் கொள்ளும் அளவோடு நிறுத்திக்கொண்டார். அதற்கு முன்பே இரண்டு மேற்கைகளிலும் தோலுக்குள் 0.1 மில்லி வீதம் தடுப்பூசி. கொசுக்கடித் தடிப்புபோல எழும்பி அடங்கியது. தொப்புளுக்கு யாரும் போகவில்லை. இடுப்பிலும் போடக்கூடாது, கொழுப்பில் மருந்து தேங்கிவிடும். அரசு மருத்துவமனை என்பதால் எல்லாம் இலவசம்.

அட்டையில் நான்கு தேதி எழுதினார்கள். போட்ட நாள் பூஜ்யம். பிறகு 3, 7, 28. ஏப்ரல் 14, 17, 21, மே 12. தோலுக்குள் போடாமல் தசையில் போடும் இடங்களில் 14-ஆம் நாளும் சேர்ந்து ஐந்து தவணை. தினசரிக் காலண்டரில் வட்டமிட்டு வைத்தோம்.

அடுத்த பத்து நாளும் மகளுக்கு ஒரே வேலை: சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குட்டியைப் பார்ப்பது. எங்கள் வீட்டில் அதற்குப் பெயரில்லை. அவள் நோட்டில் 'மூன்றாவது' என்று எழுதி, பால் குடித்தது, ஓடியது, தூங்கியது என்று தேதி போட்டு வந்தாள். 24-ஆம் தேதி "ஓடியது" என்று எழுதினாள். குட்டிக்கு அந்த நோய் இல்லை என்று முடிவானது. அப்படியும் 28-ஆம் நாள் ஊசியைப் போட்டுவிடுங்கள் என்றார் மருத்துவர். தொடரை முடித்துவிட்டால் இனி எப்போது கடித்தாலும் இரண்டு தவணை போதும், விரலுக்குள் சீரம் வேண்டாம். மகள் கேட்டது அந்தக் கடைசிப் பகுதியை மட்டும்தான்.

அந்தப் பத்து நாளில் தெருவில் வாக்குவாதம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு கட்சி எல்லா நாயையும் பிடித்துக்கொண்டு போகச் சொன்னது. இன்னொரு கட்சி தினம் தயிர்ச்சாதம் வைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் இந்தச் சண்டை உச்ச நீதிமன்றத்தில் தில்லி நாய்களை வைத்து நடந்தது. முதலில் எல்லாவற்றையும் அடைக்கச் சொன்ன உத்தரவு, 22-ஆம் தேதி திருத்தப்பட்டு, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடலாம், நோய் உள்ளதையும் மூர்க்கமானதையும் விடக்கூடாது என்று ஆனது. எனக்கு நாய்மேல் தனிப் பாசமும் இல்லை, பகையும் இல்லை. கணக்கு மட்டும் தெரியும். ஓர் ஊரின் நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி போட்டு, அதை ஆண்டுதோறும் தொடர்ந்தால் நோய் நாய்க்கு நாய் தாவ வழியில்லாமல் அடங்கிவிடும். கோவா அதைச் செய்து காட்டியிருக்கிறது. கொன்றாலோ, காலி செய்த இடத்துக்குப் பக்கத்துத் தெரு நாய் வரும். அதற்கு ஊசி போட்டிருக்காது. காதில் வெட்டுள்ள நாயைப் பார்த்து "அதற்கு ஊசி போட்டாயிற்று" என்கிறார்கள். அந்த வெட்டு, கருத்தடை நடந்தபோது வைத்தது. இந்த ஆண்டு ஊசி விழுந்ததா என்பதை அது சொல்லாது. வாசலில் கட்டியிருக்கும் சிப்பிப்பாறைக்கும் ராஜபாளையத்துக்கும்கூட அப்படித்தான். 'சாதி நாய்' என்று பெருமை பேசுகிற வீட்டில் தடுப்பூசி அட்டையைக் கேட்டால் தேடுவார்கள்.

மூன்று குட்டிகளுக்கும் மூன்று மாதம் ஆனதும் ஊசி போடத் தெருவில் பணம் திரட்டினேன். தயிர்ச்சாதக் கட்சி கொடுத்தது. பிடித்துப்போகச் சொன்ன கட்சியில் ஒருவரும் கொடுத்தார்; பெயரைச் சொல்லாதீர்கள் என்றார்.

மே 12. அழகர் ஆற்றில் இறங்கும் நாள். உள்ளூர் விடுமுறை. விடியற்காலையிலிருந்து வைகையின் இரு கரையும் தலையால் நிறைந்திருந்தன. பாலத்தில் வண்டி விடவில்லை. 28-ஆம் நாளை 29-ஆம் நாளாக்கினால் குடிமுழுகாது என்று எனக்கும் தெரியும். ஆனால் தள்ளிப்போட்டுப் பழகினால் கடைசி ஊசி எப்போதும் அடுத்த வாரத்தில்தான் இருக்கும். ஆரப்பாளையத்திலிருந்து நடந்தோம். மகள் என் தோளில் ஏறிக்கொண்டாள். ஒன்பது வயதுக்கு அது கனம்தான். கருப்பசாமி வேடக்காரர்களும் திரியெடுத்தவர்களும் நெரிசலில் வழிவிட்டார்கள். கோரிப்பாளையம் சேர ஒன்றரை மணி நேரம். ஊசி போட அரை நிமிடம். செவிலியர் அட்டையில் நான்காவது கட்டத்தில் டிக் அடித்து, "அழகரையும் பார்த்துவிட்டுப் போ" என்றார்.

வடகரையில் ராமராயர் மண்டபத்தின் பக்கம் தீர்த்தவாரி தொடங்கியிருந்தது. தோல்பைத் துருத்தியைக் கக்கத்தில் இடுக்கிப் பக்தர்கள் அழகர்மேல் தண்ணீர் பீய்ச்சினார்கள். பாதி எங்கள்மேல் விழுந்தது. ஊசி போட்ட கையில் தண்ணீர் படலாமா என்று கேட்டாள். படலாம் என்றேன். தோளிலிருந்தபடியே தலையை அண்ணாந்து, வாயைத் திறந்து காட்டினாள். ஒரு துருத்திக்காரர் சிரித்துக்கொண்டே திரும்பி நேராகப் பீய்ச்சினார். கன்னமெல்லாம் வழிய, கொஞ்சம் விழுங்கிவிட்டு, இன்னும் என்றாள்.